ராஜபார்ட்டுக்கு ஆள் சரி, மேடையில்தான் நெரிசல்: 2025 சூப்பர்மேன்

தெரிந்த கதையை மறுபடி மறுபடி பார்ப்பது டெல்டாக்காரர்களுக்குப் பழகிய விஷயம். மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில் பிரகலாதன் கதைதான் வரும், தூண் பிளக்கும், சிங்க முகம் வெளிப்படும் என்று தெரிந்துகொண்டேதான் கூட்டம் உட்காருகிறது. இரணியன் வேஷக்காரர் நடையில் அந்த அகந்தை வந்ததா, முகமூடி அணிந்தவர் மேல் ஆவேசம் ஏறியதா, இதுதான் மறுநாள் பேச்சு. பழைய கதையைப் புது ஆட்களோடு முதலிலிருந்து தொடங்கும் ரீபூட் படத்தையும் அந்தக் கண்ணோடுதான் எடைபோட வேண்டும். கதை புதிதா என்று கேட்பதில் பயனில்லை. யாருக்கு வேஷம் கொடுத்தார்கள், கொடுத்த ஆளை இயக்குநர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதே கேள்வி.

ஜேம்ஸ் கன் எழுதி இயக்கி 2025 ஜூலை 11 அன்று வெளியான சூப்பர்மேனைப் பற்றிக் கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறை ரசிகர்களுக்குள் நடக்கும் சண்டை இன்னும் ஓயவில்லை. எங்கள் தீர்ப்பு இது: ஆள் தேர்வு அநேகமாக எல்லா இடத்திலும் சரி. கதாநாயகன், கதாநாயகி, வில்லன் மூவரும் இதுவரை வந்த சூப்பர்மேன் படங்களில் சேர்ந்து பார்த்தால் மிகச் சிறந்த கூட்டணி. இயக்கம் இரண்டு பேர் பேசும் இடங்களில் அபாரம், பத்துப் பேர் பறக்கும் இடங்களில் திணறல். கீழே கதை முழுவதையும் தொட்டுப் பேசுகிறோம். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதல் புகாரிலிருந்து ஆரம்பிக்கலாம். "உடம்பு பத்தலய்யா, ஹென்றி கேவில் நின்னா தேர் மாதிரி நிப்பாரு" என்பது டெல்டாவில் பரவலாகக் கேட்கும் பேச்சு. 2013இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீலையும் அதன் பின் வந்தவற்றையும் டிவியில் தமிழில் பார்த்து வளர்ந்த தலைமுறை இது. அவர்களுக்கு சூப்பர்மேன் என்றால் கேவில்தான். ஆனால் கணக்கு வேறு. இந்தப் படத்தின் நாயகன் டேவிட் கொரன்ஸ்வெட் 6 அடி 4 அங்குலம், கேவில் 6 அடி 1 அங்குலம். வேஷத்துக்காகக் கொரன்ஸ்வெட் 40 பவுண்டுக்கு மேல் எடை ஏற்றியிருக்கிறார், அதாவது சுமார் 18 கிலோ. பிறகு ஏன் சிறியவராகத் தெரிகிறார்?

காரணம் கேமராவிலும் உடையிலும் இருக்கிறது. மேன் ஆஃப் ஸ்டீலை இயக்கிய ஜாக் ஸ்னைடர் தன் நாயகனைப் பெரும்பாலும் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்தார். நிறத்தைக் குறைத்து நிழலைக் கூட்டினார். உடையிலேயே தசை வடித்திருந்தது. கன் செய்தது இதற்கு நேர் எதிர். ஒளிப்பதிவாளர் ஹென்றி பிரஹாமின் கேமரா, அகலமாகக் காட்சி பிடிக்கும் வைட் லென்ஸோடு கண் மட்டத்தில், முகத்துக்கு மிக அருகில் நிற்கிறது. வெளிச்சம் பளிச்சென்று பகல் வெளிச்சம். உடையில் தையல் தெரிகிறது, கழுத்துப்பட்டை உயர்ந்திருக்கிறது, துணி ஆங்காங்கே மடிகிறது. சிவப்பு ஜட்டி திரும்பி வந்திருக்கிறது. 1938இல் ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் அவர் அறிமுகமானபோதே அது உண்டு. 2011இல் காமிக்ஸில் எடுத்தார்கள், 2018இல் ஆயிரமாவது இதழில் திருப்பிக் கொடுத்தார்கள். கேவில் உடையில் அது இல்லை. அதை வைப்பதா வேண்டாமா என்று கன் யோசித்துக்கொண்டிருந்தபோது, வேற்றுக்கிரகத்து ஆள் குழந்தைகளைப் பயமுறுத்தாமல் இருக்கத்தானே இப்படி உடுத்துவான் என்று எடுத்துச் சொன்னது கொரன்ஸ்வெட்தான். வேஷத்தைப் புரிந்துகொண்ட நடிகன் பேசும் பேச்சு அது. ஆக, சிறியவராகத் தெரிவது ஆள் தேர்வின் குறை இல்லை. மிரட்டாத ஆளாகத் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்துச் செய்தது.

ஸ்டில்லைப் பார்த்து ஆளை நிராகரிப்பது சூப்பர்ஹீரோ ரசிகர்களின் பழைய வியாதி. மைக்கேல் கீட்டனை பேட்மேனாக அறிவித்தபோது வார்னர் நிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கில் எதிர்ப்புக் கடிதங்கள் போயின. 1989இல் படம் வந்ததும் அடங்கிப்போனார்கள். 2006இல் ஹீத் லெட்ஜரை ஜோக்கர் என்றபோதும் அதே கூச்சல். 2009இல் மறைவுக்குப் பின் அவருக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கொரன்ஸ்வெட்டுக்கும் இதுவே நடந்தது. 2024 மே மாதம் வெளிவந்த முதல் படத்தில் அவர் களைத்துப்போய் உட்கார்ந்து பூட்ஸை இழுத்து மாட்டிக்கொண்டிருப்பார், பின்னால் ஜன்னலில் ஏதோ ஒரு தாக்குதல். உடை தொளதொளவென்று இருக்கிறது, நாயகன் மாதிரியா உட்கார்ந்திருக்கிறான் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அதே களைப்பு படத்தின் முதுகெலும்பு என்பது படம் வந்த பிறகுதான் புரிந்தது.

இந்தத் தேர்வு எப்படி நடந்தது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீரும். 2022 நவம்பரில் கன்னும் தயாரிப்பாளர் பீட்டர் சாஃப்ரானும் சூப்பர்மேன் படங்களை எடுக்கும் டிசி ஸ்டுடியோஸ் பொறுப்பை ஏற்றார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் கேவில் தான் திரும்புவதாக அறிவித்திருந்தார். டிசம்பரில் அது ரத்து. டெல்டாவில் இன்றும் இருக்கும் கசப்புக்கு விதை அங்கேதான் விழுந்தது. அதற்குக் கொரன்ஸ்வெட் பொறுப்பில்லை. எழுதப்பட்டது இளவயது சூப்பர்மேன் கதை, அதற்கு இளவயது நடிகர் தேவைப்பட்டார். 2023 ஜூனில் கடைசிக் கட்ட ஸ்க்ரீன் டெஸ்ட் நடந்தபோது நாயகன் வேஷத்துக்கும் நாயகி வேஷத்துக்கும் வந்தவர்களை ஜோடி சேர்த்து நடிக்க வைத்துப் பார்த்தார்கள். தனித்தனியாக நன்றாக நடிக்கும் இருவர் ஒன்றாக நின்றால் ஒட்டாமல் போகலாம். அதை ஷூட்டிங்கில் கண்டுபிடித்தால் காலம் கடந்துவிடும். கொரன்ஸ்வெட்டும் ரேச்சல் ப்ராஸ்னஹனும் தேறியது அந்த வடிகட்டலில். சூப்பர்மேன் வேஷத்துக்குப் போட்டியிட்ட நிக்கோலஸ் ஹோல்ட்டை விட்டுவிடாமல் வில்லன் லெக்ஸ் லூதராக்கியது அடுத்த புத்திசாலித்தனம். நாயகன் இடத்துக்கு ஆசைப்பட்டு எட்டாத பொறாமைதான் லூதரின் குணமே.

இப்போது பேட்டிக் காட்சிக்கு வருகிறோம். இந்தப் படத்தில் நடிகர் தேர்வும் இயக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தி உட்கார்ந்த இடம் அதுதான். நாயகி லோயிஸ் லேன் (ப்ராஸ்னஹன்) வீட்டில் கிளார்க், அதாவது நிருபராக வேஷம் போட்டு வாழும் சூப்பர்மேன், சமைத்துக்கொண்டிருக்கிறான். இருவரும் மூன்று மாதமாகக் காதலிக்கிறார்கள், அவன் யார் என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தன்னைத் தானே பேட்டி எடுத்துப் பத்திரிகையில் போட்டுக்கொள்கிறாயே, எனக்கு ஒரு பேட்டி கொடு பார்க்கலாம் என்று அவள் சீண்ட, அவன் ஒப்புக்கொள்கிறான். ரெக்கார்டரை வைத்ததும் அவன் குரல் இறங்குகிறது, முதுகு நிமிர்கிறது, காதலியை மிஸ் லேன் என்கிறான். அவளும் சட்டென்று நிருபராகிவிடுகிறாள். பொராவியா என்ற நாடு ஜர்ஹன்பூர் என்ற நாட்டின்மேல் படையெடுத்ததை யார் அனுமதியோடு தடுத்தாய்? அந்த நாட்டு அதிபரைப் பாலைவனத்துக்குத் தூக்கிப்போய்க் கள்ளிச்செடியில் சாய்த்து மிரட்டியது உண்மையா? பின்விளைவை யோசித்தாயா? ஒவ்வொரு கேள்விக்கும் அவன் பொறுமை ஒரு படி கரைகிறது. கடைசியில் ஜனங்கள் செத்துப்போயிருப்பார்கள் என்று கத்திவிடுகிறான்.

கத்தும் அந்தக் கணத்தில் கொரன்ஸ்வெட்டின் முகத்தைக் கவனியுங்கள். கோபத்தோடு, இவளுக்குக் கூடவா இது விளங்கவில்லை என்ற திகைப்பும் அதில் இருக்கும். கிளார்க்கின் குரலும் சூப்பர்மேனின் குரலும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வருகின்றன. கன் இங்கே இசையைக் கிட்டத்தட்ட ஒதுக்கிவிட்டு, ஒரே அறைக்குள், இருவர் முகத்தை மாற்றி மாற்றிக் காட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறார். பெரிய வசூல் கனவு காணும் ஸ்டுடியோ படத்தில் இவ்வளவு நேரம் இரண்டு பேரைப் பேச விடுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். ப்ராஸ்னஹன் அசைந்து கொடுப்பதே இல்லை. காதலி என்பதற்காக ஒரு கேள்வியைக்கூட மென்மையாக்கவில்லை. 1978இலிருந்து வந்த லோயிஸ்களில் நிருபர் வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடிகிற லோயிஸ் இவர்.

இவ்வளவு நன்றாக எழுதிய கன், கிளார்க் கென்ட் என்ற நிருபரை டெய்லி பிளானட் பத்திரிகை அலுவலகத்தில் மிகக் குறைவாகவே காட்டியது எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். 1978 சூப்பர்மேனில் ரிச்சர்ட் டானர் இயக்கத்தில் நடித்த கிறிஸ்டோபர் ரீவ் இன்றுவரை பேசப்படுவதற்குக் காரணம் அவர் பறந்தது மட்டும் இல்லை. கூன் போட்டு, மூக்குக் கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு, தடுக்கி விழுகிற கிளார்க்குக்கும் நிமிர்ந்து நிற்கிற சூப்பர்மேனுக்கும் இடையே உடம்பால் ஒரு கோடு போட்டார். கொரன்ஸ்வெட்டாலும் அது முடியும் என்று ஓரிரு இடங்களில் தெரிகிறது. ஆனால் கண்ணாடி போட்டால் எப்படி அடையாளம் தெரியாமல் போகும் என்ற பழைய கேள்வியை, அது ஹிப்னோ கண்ணாடி என்று காமிக்ஸிலிருந்து எடுத்த ஒரே வசனத்தில் முடித்துவிட்டு நகர்ந்துவிட்டார்கள். ரீவ் காலத்து ரசிகர்கள் கிளார்க் எங்கே என்று கேட்டால் அது நியாயமான கேள்வி.

லூதரைப் பற்றிய புகார், "வில்லன் சும்மா கத்திக்கிட்டே இருக்கான்" என்பது. இதை ஒத்துக்கொள்ள முடியாது. ஜீன் ஹேக்மேனின் லூதர் வேடிக்கைக்காரர். 2006இல் கெவின் ஸ்பேசி அதே தடத்தில் போனார். 2016இல் ஜெஸ்ஸி ஐசன்பெர்க் துறுதுறுப்பையே குணமாக்கினார். ஹோல்ட் செய்வது இவை எதிலும் சேராது. கட்டுப்பாட்டு அறையில் நின்றுகொண்டு எண்ணும் எழுத்துமாகக் குறியீடுகளைக் கத்துகிறார். ஒவ்வொன்றும் ஒரு குத்து, ஒரு உதை, ஒரு தடுப்பு. எங்கோ தூரத்தில் அவர் ஏவும் முகமூடி ஆள் அல்ட்ராமேன் அதை அப்படியே செய்கிறான். சூப்பர்மேனின் ஒவ்வொரு அசைவையும் வருடக்கணக்கில் படித்து மனப்பாடம் செய்திருக்கிறான் இந்த மனிதன் என்பது வசனமில்லாமலே விளங்குகிறது. பொறாமை என்பது அவனுக்கு முழுநேர உழைப்பு. அதனால்தான் அந்தக் கத்தலுக்குப் பொருள் இருக்கிறது. சூப்பர்மேனுக்கு ஒரு காலத்தில் இலவசமாகச் சாப்பாடு கொடுத்த மாலிக் என்ற தெருக்கடைக்காரரைக் கூண்டுக்கு முன் நிறுத்திச் சுட்டுக் கொல்லும் இடத்தில் ஹோல்ட் குரலை உயர்த்துவதே இல்லை. உயர்த்தாததால்தான் அது நடுங்க வைக்கிறது. சிரித்துக்கொண்டிருந்த படம் அந்த ஒரு நிமிடத்தில் வேறு படமாகிவிடுகிறது.

கிளார்க்கை வளர்த்த கென்ட் தம்பதிக்கு ஆள் எடுத்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, எங்களுக்கு அதுதான் மிகப் பிடித்த தேர்வு. 2013இல் கெவின் காஸ்ட்னர், டயான் லேன் என்று நட்சத்திரங்களைப் போட்டார்கள். கண்ணியமாக இருந்தது, ஆனால் அவர்கள் களத்தில் இறங்கி வேலை செய்பவர்களாகத் தெரியவில்லை. இங்கே ப்ரூயிட் டெய்லர் வின்ஸும் நேவா ஹோவெலும். வெயில் பட்ட தோல், தளர்ந்த உடம்பு, போனில் பேசும்போது இருவரும் ஒரே சமயத்தில் உரக்கப் பேசும் பழக்கம். பட்டணத்தில் வேலை பார்க்கும் மகனுக்கு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து போன் போட்டால் இப்படித்தான் இருக்கும். அப்பா ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், நடுவில் பிள்ளை ஆபீசில் நெளிவான். அடிபட்ட மகனைப் பண்ணைக்குக் கொண்டுவந்து கிடத்திய பிறகு, நீ யாராக இருக்க வேண்டும் என்று சொல்வது பெற்றவர் வேலை இல்லை, நீ செய்வதை வைத்துத்தான் நீ யார் என்பது என்று தழுதழுத்துச் சொல்கிறார் அந்த அப்பா. வின்ஸ் அழகாகப் பேச முயலவில்லை. சொல்ல வராத மனிதர் சொல்வதாகவே இருக்கிறது. பெரிய நட்சத்திரம் பேசியிருந்தால் அது மேடைப் பேச்சாகியிருக்கும்.

இந்தப் பெற்றோருக்கு எடை கூட்டத்தான், பெற்ற அப்பா ஜோர்-எல் விஷயத்தில் கன் செய்த மாற்றம். இதில்தான் காமிக்ஸ் படித்தவர்களுக்கு ரத்தம் கொதிக்கிறது. அவன் பிறந்த கிரகமான கிரிப்டானிலிருந்து வந்த செய்தியின் பிற்பாதி சேதமாகிக் கிடந்தது. லூதர் ஆட்கள் அதை மீட்டு ஒளிபரப்பினால், பூமியை ஆண்டுகொள், பல பெண்களைக் கட்டிக்கொண்டு வம்சத்தைப் பெருக்கு என்று பெற்ற அப்பாவும் அம்மாவும் சொல்கிறார்கள். மார்லன் பிராண்டோ பேசிய ஜோர்-எல் தெய்வக் குரல். இங்கே பிராட்லி கூப்பரைப் போட்டு அந்தக் குரலையே கவிழ்த்துவிட்டார்கள். கதைக்கு இது வேலை செய்கிறது என்பது எங்கள் கட்சி. வளர்த்தவர்களா பெற்றவர்களா என்ற கேள்வியை இவ்வளவு தெளிவாக எந்தச் சூப்பர்மேன் படமும் போட்டதில்லை. ஆனால் கன் இதில் ஒரு தவறு செய்கிறார். செய்தி பொய்யாக இருக்கலாமோ என்ற சந்தேகத்தைத் தொங்கவிட்டு அவசரமாகக் கடந்துவிடுகிறார். அது உண்மைதான் என்று வசனம் வந்தும் தியேட்டரை விட்டு வெளியே வருபவர்களில் பாதிப் பேர் லூதர் ஜோடித்தது என்றே நினைக்கிறார்கள். இவ்வளவு பெரிய மாற்றத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

நேரம் எங்கே போனது? கூட்டத்துக்கு. 129 நிமிடப் படத்தில் சூப்பர்மேன், லோயிஸ், லூதர் போக மிஸ்டர் டெரிஃபிக், கை கார்ட்னர், ஹாக்கேர்ள், மெட்டமார்ஃபோ, அவர் குழந்தை, லூதரின் கையாள் எஞ்சினியர், அல்ட்ராமேன், கிரிப்டோ நாய், பனிக்கோட்டை ரோபோக்கள், ஜிம்மி ஓல்சன், ஈவ், கடைசியில் சூப்பர்கேர்ள். இதில் எடி கத்தேகியின் மிஸ்டர் டெரிஃபிக் தனியாகப் பாராட்டப்பட வேண்டியவர். கடற்கரை முகாமில் லோயிஸைப் பாதுகாப்புக் கோளத்துக்குள் நிறுத்திவிட்டு, தன் உருண்டைக் கருவிகளை ஏவி ஒரு படையையே சாய்க்கும் காட்சி துள்ளுகிறது. சலித்துப்போன முகத்தோடு அவர் செய்வதுதான் அதன் ருசி. கை கார்ட்னராக நேதன் ஃபிலியனும் அந்தக் கிண்ண வெட்டு முடியோடு சரியாகப் பொருந்துகிறார். ஹாக்கேர்ளாக வரும் இசபெல்லா மெர்செட்டுக்கு வேலை மிகக் குறைவு. எஞ்சினியர் ஏன் லூதருக்கு இவ்வளவு விசுவாசம் என்பதற்கு ஒரே ஒரு வாக்கியம்தான். இந்த வேஷங்களில் இரண்டைக் கழித்திருந்தால் கிளார்க்குக்கு அலுவலகம் கிடைத்திருக்கும்.

வைட் லென்ஸ் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். பறக்கும் காட்சிகளில் கேமரா முகத்துக்கு எதிரே மிக அருகில் ஒட்டிக்கொண்டு பின்னோக்கிப் போகிறது. அந்தத் தூரத்தில் வைட் லென்ஸ் வைத்தால் மூக்கும் தாடையும் பெருத்து, காதுகள் பின்வாங்கி, முகம் உப்பும். பின்னணி வேகமாக ஓடும், ஆனால் ஆள் ஒரே இடத்தில் தொங்குவதாகத் தோன்றும். "பறக்குறப்ப மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு" என்று ரசிகர்கள் சொல்வது இதைத்தான். கிராபிக்ஸ் பட்ஜெட்டைக் குறை சொல்ல வேண்டாம். லென்ஸ் தேர்வு அப்படி. பேட்டிக் காட்சியில் நெருக்கத்தைக் கொடுத்த அதே பழக்கம் வானத்தில் வேகத்தைக் கெடுக்கிறது. லூதரின் பாக்கெட் உலகச் சிறை இன்னொரு சறுக்கல். எதிர்த்துகள் ஓடும் ஆறு, மிதக்கும் தீவு, வண்ண மேகம் என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருப்பதால் எது மேலே எது கீழே என்று கண்ணுக்குப் பிடி கிடைக்கவில்லை. ஆபத்து எந்தத் திசையில் என்று தெரியாதபோது பதற்றம் வராது.

அடி வாங்கிக்கொண்டே இருக்கிறான் என்ற புகாருக்கு இயக்குநர் பக்கம் நிற்கிறோம். மூன்று நூற்றாண்டு முன்பு, முப்பது வருடம் முன்பு என்று எல்லாம் மூன்றாகவே இறங்கி வரும், படத் தொடக்கத்தில் திரையில் தெரியும் எழுத்துகள், மூன்று நிமிடம் முன்பு சூப்பர்மேன் முதல்முறையாகத் தோற்றான் என்று முடிகின்றன. அடுத்த ஷாட்டில் அவன் பனியில் வந்து விழுகிறான். தோற்பவனாகவே அறிமுகம் செய்துவிட்டு, தோற்கிறானே என்று கேட்டால் எப்படி? 2013 படத்தில் நகரம் இடிந்தபோது கேமரா சண்டையைப் பார்த்தது. இங்கே ராட்சத மிருகம் ஊரை மிதிக்கும்போது சூப்பர்மேன் கீழே யார் நிற்கிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு அணிலைக்கூடத் தூக்கி ஓரமாக விடுகிறான். அந்த அணிலைக் கேலி செய்பவர்கள் உண்டு. எங்களுக்கு அந்த ஒரு ஷாட் அவன் யார் என்பதை முழுசாகச் சொல்கிறது. கொல்லும் பொறுப்பைக் கன் அவனிடம் கொடுக்கவில்லை. பொராவியா அதிபரைத் தூக்கிப்போய்க் கீழே விடுவது ஹாக்கேர்ள். தான் சூப்பர்மேன் இல்லை என்று அவள் சொல்லிவிட்டுத்தான் விடுகிறாள்.

கிரிப்டோ நாயைப் பற்றிச் சுருக்கமாக: கன் வீட்டு நாயின் குணத்தை வைத்து எழுதியது, அடங்காத நாய், நன்றாகவே இருக்கிறது, ஒரு சுற்று குறைத்திருக்கலாம். இசை ஜான் மர்ஃபியும் டேவிட் ஃபிளெமிங்கும். ஜான் வில்லியம்ஸின் 1978 மெட்டை கிட்டாரில் எடுத்துப் புதிதோடு கோத்திருக்கிறார்கள். பழைய ரசிகர்களுக்கு உடம்பு சிலிர்க்கும்.

டெல்டாவில் இந்தச் சண்டைக்கு இன்னொரு முடிச்சு உண்டு. இங்கே பெரும்பாலான ஊர்களில் ஹாலிவுட் படம் தமிழ் டப்பிங்கில்தான் ஓடும். ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் அநேகமாகத் திருச்சிக்குப் போக வேண்டும். தமிழில் பார்த்துவிட்டு ஆள் சரியில்லை என்பவர் பாதி நடிகரைத்தான் பார்த்திருக்கிறார். மீதிப் பாதி டப்பிங் கலைஞர். கொரன்ஸ்வெட் வேஷத்தின் உயிரே குரல் மாற்றத்தில் இருக்கிறது. டப்பிங்கில் ஒரே குரல் இரண்டுக்கும் ஒரே தொனியில் பேசினால் பேட்டிக் காட்சி வெறும் வாக்குவாதமாகிவிடும். அந்தக் காட்சிக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. லோயிஸ் அவன் வாக்கியத்தை நடுவில் வெட்டிக்கொண்டே போகிறாள். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்துவிடுவதால் வெட்டினாலும் விஷயம் தெரியும். தமிழில் வினை கடைசியில். வெட்டுப்படும் வாக்கியத்தில் அவன் என்ன செய்தான் என்பதே காணாமல் போகும். டப்பிங் வசனம் எழுதுபவர் சொற்களை இடம் மாற்றி, உதடு மூடும் ப, ம ஓசைகளும் பொருந்தும்படி எழுத வேண்டும். மெனக்கெட்டால்தான் முடியும். கென்ட் தம்பதிக்கும் இதே கதை. அவர்கள் பேசுவது நாட்டுப்புறத்து ஆங்கிலம். டப்பிங் படங்களில் பெற்றோர் என்றாலே பாடப்புத்தகத் தமிழ் பேச வைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். தஞ்சாவூர் வட்டாரத் தமிழில் அந்த அப்பா பேசினால் ஒரு குறையும் வந்துவிடாது.

ஆகவே வாய்ப்பிருந்தால் முதலில் ஆங்கில ஒலியில், தமிழ் அல்லது ஆங்கில எழுத்தோடு பாருங்கள். முழுப்படமும் முடியாதென்றால் பேட்டிக் காட்சியை மட்டுமாவது இரண்டு மொழியிலும் பார்த்துவிட்டு நடிகரைப் பற்றிப் பேசுங்கள். இந்தியத் திரையரங்குப் பதிப்பில் தணிக்கையில் 33 விநாடி முத்தக்காட்சி போய்விட்டது. அதனால் கடைசியில் இருவரும் சேரும் இடம் தாவுவதாகத் தோன்றினால் அது எடிட்டரின் பிழை இல்லை.

வீட்டு டிவியில் பார்ப்பவர்கள், அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்துவிடுங்கள். அது ஓடினால் பறக்கும் காட்சிகள் சீரியல் மாதிரி வழவழவென்று ஆகி, வைட் லென்ஸ் குறை இரட்டிப்பாகத் தெரியும். படத்தின் அகல-உயர விகிதம் 1.85, டிவி 1.78. மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு மட்டும் தெரிந்தால் சரி. கோடே இல்லையென்றால் ஜூம் ஆகியிருக்கலாம், செட்டிங்கில் பாருங்கள். சண்டை காது கிழிகிறது, பேச்சு கேட்கவில்லை என்றால் பல ஸ்பீக்கருக்கான 5.1 ஒலியை டிவியின் சிறு ஸ்பீக்கருக்கு அனுப்புகிறீர்கள். ஒலி அமைப்பில் ஸ்டீரியோவுக்கு மாற்றினால் நடுச் சேனலில் இருக்கும் வசனம் மேலே வரும்.

இதே உலகத்தின் அடுத்த படம் சூப்பர்கேர்ள். தியேட்டருக்குப் போகிறவர்கள் 2டி, 3டி இரண்டும் இருந்தால் 2டிக்குச் சீட்டு எடுங்கள். திரையில் 2டிக்குத் தர அளவு 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). 3டி கண்ணாடி வழியே கண்ணுக்கு வருவது நல்ல தியேட்டரிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கு. லாம்ப் பழசாகியிருந்தால் இன்னும் மங்கும். இந்தப் படம் மாதிரி பளிச்சென்ற சிவப்பும் நீலமும் நம்பி எடுக்கப்பட்டவை அதில் செத்துப்போகும். இன்னொன்று, நம் பக்கத்துப் பழைய பெரிய திரைகள் ஸ்கோப் என்ற மிக அகல வடிவத்துக்கு அமைந்தவை. 1.85 படம் அதில் உயரம் மாறாமல் ஓடினால் இரு ஓரத்திலும் 11 சதவீதம் அளவுக்குக் கறுப்பாக இருக்கும், அது சரி. அதற்குப் பதில் தலை வெட்டுப்பட்டோ, படம் திரைக்கு மேலும் கீழும் வழிந்தோ தெரிந்தால் புரொஜெக்டரில் ஸ்கோப் ப்ரீசெட்டை, அதாவது முன்பே பதிந்து வைத்த அமைப்பை, மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். ட்ரெய்லர் ஸ்கோப்பில் ஓடி முடிந்து படம் ஃப்ளாட்டில், அதாவது 1.85 வடிவத்தில், தொடங்கும்போது இது நடக்கும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஆபரேட்டரிடம் போய், ஃப்ளாட் ப்ரீசெட் போடுங்கள் அண்ணே என்றால் ஒரு பட்டனில் சரியாகிவிடும். வசனம் மட்டும் அமுங்கிக் கேட்டால் ஒலி அளவைக் குறைத்து வைத்திருக்கலாம். அதையும் சொல்லலாம்.

சீக்கிரம் போய் உட்காருங்கள். சூப்பர்மேனில் முதல் எழுத்துகளைத் தவறவிட்டவர்களுக்குத்தான் கதை பாதியில் தொடங்கியதாகத் தோன்றியது. முடிந்ததும் விளக்கைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாலும் எழுந்திருக்க வேண்டாம். சூப்பர்மேனில் பெயர்கள் ஓடும்போது இரண்டு துண்டுகள் உண்டு. முதலாவதில் நிலாவில் அவனும் நாயும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாவது எல்லாப் பெயரும் ஓடி முடிந்த பிறகு வரும், பிளந்து ஒட்டிய கட்டிடம் கோணலாக இருக்கிறதென்று மிஸ்டர் டெரிஃபிக்கிடம் அவன் வம்புக்குப் போவான். அடுத்த படத்துக்கான தகவல் எதுவும் அதில் இல்லை, ஆனால் கத்தேகியின் முகத்துக்காக இருந்து பார்க்கலாம்.